அது ஆணி இல்லை, தம்பி

இன்று காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "அண்ணே, வீடியோ பாத்தேன். நான் வாசிச்சது சூப்பரா வந்திருக்கு. ஆனா அந்தத் தட்டு சவுண்டுதான் டல்லா இருக்கு. நல்லதா ஒண்ணு வாங்கிப் போடுங்கண்ணே." கூடவே கும்பிடு போடும் பொம்மை இரண்டு.

படித்ததிலிருந்து டீ தொண்டையில் இறங்கவில்லை. தட்டு என்று அவன் சொல்வது என் டிரம்ஸ் செட்டில் இருக்கிற சிம்பலை, ஸ்டாண்டில் மாட்டி அடிக்கிற வெண்கல வட்டத்தை. டல்லாக இருக்கிறதாம். அதை டல்லாக்கியது யார்?

டிரம்ஸ் வாசிக்கிற எல்லோருக்கும் இந்தத் தம்பியைத் தெரியும். ஊருக்கு ஊர் முகம்தான் மாறும். பாடகர் தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் பார்த்து மேடைக்கு ஏறுவான். "அண்ணே, ஒரே ஒரு பாட்டு. காலேஜ்ல வாசிச்சிருக்கேன்." கீபோர்டுக்காரரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. வயலின்காரர் வில்லை வாங்கி இரண்டு இழு இழுக்கிறேன் என்று எவனும் வருவதில்லை. டிரம்ஸ் என்றால் மட்டும் ஊரில் இருக்கிற எல்லோருக்கும் கை அரிக்கிறது. அடிக்கிற வாத்தியம்தானே, அடிக்க யாருக்குத் தெரியாது?

போன சனிக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரிசப்ஷன். நான் முடியாது என்றுதான் சொன்னேன். பொண்ணோட தாய்மாமன் வந்துவிட்டார். "விடுங்க தம்பி, மாப்பிள்ளைக்கு ஃப்ரெண்டு. ரெண்டு நிமிஷம் தட்டிட்டு எறங்கிடுவான். தேஞ்சா போயிடும்?" எங்கள் ட்ரூப் ஓனர் கண்ணைக் காட்டினார். மீதிப் பணம் இன்னும் கைக்கு வரவில்லை. எழுந்துவிட்டேன்.

உட்கார்ந்தான். ஸ்டூல் உயரம் பார்க்கவில்லை. பெடலில் கால் வைக்கவில்லை. முதல் வேலையாக என் 16 இஞ்ச் கிராஷை, பாட்டில் அழுத்தம் வருகிற இடத்தில் அடிக்கிற சிம்பலை, விரலால் ஒரு தள்ளு தள்ளினான். அது ஆடியது. ஆடத்தான் செய்யும். "என்னண்ணே, லூசா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கை அதன் மேலே இருக்கிற விங் நட்டுக்கு, இரண்டு பக்கமும் சிறகு வைத்த திருகுக்கு, போய்விட்டது. நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன், நடுவில் கேபிள் கும்பல். ஒரு சுற்று. இரண்டு சுற்று. "தம்பி, வேணாம்." மூன்று சுற்று. நட்டுக்கு அடியில் இருக்கிற ஃபெல்ட், அந்தக் கம்பளி வளையம், அப்பளம் மாதிரி நசுங்குகிறது. நாலாவது சுற்றுக்கு நட்டு கிரீச் என்றது. அந்தக் கிரீச் இன்னமும் என் காதில் இருக்கிறது. பிறகு திரும்பவும் விரலால் தள்ளிப் பார்த்தான். கிராஷ் அசையவில்லை. திருப்தியாகத் தலையாட்டினான்.

ஐயா, அது ஆடுவதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறேன். ஸ்டாண்டு கம்பியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்லீவ், கீழே ஒரு ஃபெல்ட், மேலே ஒரு ஃபெல்ட், அதற்கு மேல் ஒட்டியும் ஒட்டாமலும் விங் நட். அடி விழுந்ததும் சிம்பல் சாய்ந்து, திரும்பி, அடியின் வேகத்தை ஆட்டத்திலேயே கழித்துவிடும். கழித்துக்கொண்டே பாடும். அதன் கழுத்தை இறுக்கிக் கட்டிவிட்டு அடித்தால் அந்த வேகம் எங்கே போகும்? உலோகத்துக்குள்தான் போகும். விளிம்பில்தான் உலோகம் மெலிசு. அங்கேதான் விட்டுக்கொடுக்கும்.

சரி, இறுக்கினான். அடித்ததையாவது ஒழுங்காக அடித்தானா?

ஸ்டிக்கை உலக்கை பிடிக்கிற மாதிரி கைக்குள் இறுக்கிக்கொண்டான். கை தலைக்கு மேல் போனது. இளநீர் சீவுகிறவர் அரிவாளை இறக்குகிற மாதிரி நேராக இறக்கினான். ஸ்டிக்கின் நடுக்கட்டை சிம்பலின் விளிம்பில் செங்குத்தாக விழுந்தது. விழுந்த ஸ்டிக்கை எடுத்தானா? இல்லை. அங்கேயே அழுத்தி வைத்துவிட்டு அடுத்த கையைத் தூக்கினான். மூன்றாவது அடிக்கே மரத்தூள் பறந்தது. கீழே நிற்கிறவர்கள் விசில் அடிக்கிறார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று அடி. பதினெட்டாவதில் சத்தம் மாறியது. அதுவரை ஷ்ஷ்ஷ் என்று விரிந்து போய்க்கொண்டிருந்தது, சள் என்று பாதியில் நின்றது. நசுங்கிய தாம்பாளம் தரையில் விழுந்தால் வருமே, அந்தச் சத்தம். அவனுக்கு அது கேட்கவில்லை. இன்னும் பலமாக ஐந்து அடி அடித்தான்.

பலமாக அடித்தால் சத்தம் அதிகம் வரும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? ஓர் அளவு வரைக்கும் வரும். அதற்கு மேல் சிம்பல் மூச்சுத் திணறும், அவ்வளவுதான். இன்னும் சத்தம் வேண்டுமென்றால் 18 இஞ்ச் போடு, கனமானதாகப் போடு. 16 இஞ்ச் மெல்லிய கிராஷை அறைந்து 18 ஆக்க முடியாது. கை எவ்வளவு உயரம் போகிறது என்பது மேடையைப் பார்க்கிறவர்களுக்கு. ஸ்டிக் எந்தச் சாய்வில் உலோகத்தைத் தொடுகிறது, தொட்டதும் எவ்வளவு சீக்கிரம் விலகுகிறது என்பதுதான் காதுக்கு.

நான் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளுக்கு முதல் மாதமே இதைத்தான் சொல்வேன். கிராஷை உன் பக்கம் லேசாகச் சாய்த்து வை. படுக்கையாக, எட்டாத உயரத்தில் வைத்தால் விளிம்பில் நேராகத்தான் மோதுவாய், வேறு வழியே இருக்காது. ஸ்டிக்கின் நுனி அல்ல, நுனிக்குக் கீழே சரியத் தொடங்குகிற தோள் பகுதி விளிம்பில் பட வேண்டும். ஆணி அடிக்கிற மாதிரி நேராகப் போகாதே, பக்கவாட்டில் உரசிக்கொண்டு கடந்து போ. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறோமே, மணிக்கட்டுக்கு அந்த இழுப்புதான். ரைடு, அதாவது பாட்டு முழுக்கத் தாளம் தட்டிக்கொண்டே போகிற பெரிய சிம்பல் என்றால் வேறு. அங்கே நுனியை நடுப்பரப்பில் துள்ள விடு, ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கும். நடுவில் இருக்கிற குமிழில் தோளை வைத்தால் மணி மாதிரி கணீர் என்று வரும். ஒரே வட்டத்துக்குள் மூன்று வாத்தியம் இருக்கிறது. ஓரத்தைப் பிளந்துவிட்டு அதைத் தட்டு என்கிறான்.

தட்டு! இந்தச் சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. நல்ல சிம்பல் என்பது நூற்றுக்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். மணி வார்க்கிற வெண்கலமும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குதான். விலை குறைந்ததில் வெள்ளீயம் 8 பங்குதான் இருக்கும், அதற்கும் கீழே பித்தளை. 1623-ல் கான்ஸ்டான்டிநோபிளில் அவெடிஸ் என்கிற ஆர்மீனியர் தொடங்கிய பட்டறைதான் இன்றைக்கும் சிம்பல் செய்கிற ஜில்ஜியான் கம்பெனி. அந்தப் பெயருக்கே சிம்பல் செய்கிறவர் மகன் என்று பொருள். அந்தக் குடும்பத்தில் பிரிந்த ஒருவர் 1981-ல் கனடாவில் தொடங்கியது சபியன் என்கிற சிம்பல் கம்பெனி. நானூறு வருஷமாக வார்த்து, சுத்தியால் தட்டி, கடைந்து எடுக்கிற வேலை இது. வெள்ளீயம் கூடக் கூட நாதம் கூடும், நொறுங்கும் குணமும் கூடும். இரும்புத் தகடு மாதிரி நெளிந்து கொடுக்காது. பிளந்துதான் போகும்.

வெண்கலத்தோடு எப்படிப் பழகுவது என்று நமக்குத் தெரியாதா? திருப்பாதிரிப்புலியூரில் மார்கழி பஜனைக்கு என் ஆயா ஜால்ரா எடுத்துக்கொண்டு போவாள். எனக்கு ஆறு வயது. இரண்டு கிண்ணத்தையும் நேருக்கு நேர் அப்புவேன், டப் என்று செத்த சத்தம் வரும். "காத்து உள்ள மாட்டிக்கிச்சுடா. கொஞ்சம் சாச்சு, ஓரத்தை ஓரத்தால தடவு" என்பாள். அவள் விரலில் கயிறு தளர்ந்துதான் தொங்கும், கிண்ணத்தை ஒருநாளும் உள்ளங்கைக்குள் பொத்த மாட்டாள். பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் இரண்டு கைச்சிம்பலை மோதுகிறவர்களும் இதே காற்றுப் பிடிப்புக்குப் பயந்துதான் ஒன்றைச் சற்று சாய்த்து மோதுகிறார்கள். பள்ளிக்கூடம் போகாத ஆயாவுக்கு அதிகாலைப் பனியில் தெரிந்தது, காலேஜில் வாசித்தவனுக்குத் தெரியவில்லை.

அவன் இறங்கியதும் நான் போய் விளிம்பை நகத்தால் தடவினேன். ஓரிடத்தில் நகம் மாட்டியது. செல்போன் லைட்டில் பார்த்தால் தலைமுடி கனத்தில் ஒரு கோடு, விளிம்பிலிருந்து உள்ளே, கட்டைவிரல் நகத்தின் நீளம். 2019-ல் சென்னையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக 14,000 ரூபாய்க்கு வாங்கியது. இரண்டு மாதக் கச்சேரிப் பணம். கடல் காற்றில் பச்சைக் களிம்பு ஏறாமல் ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் துணியால் துடைத்து உறையில் போட்டு வைத்திருந்தேன். ஒருமுறை வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் நல்லெண்ணத்தில் புளி போட்டுத் தேய்க்கப் போனார், பாய்ந்து போய்ப் பிடுங்கினேன். புளியிடமிருந்து காப்பாற்றியதை ஒரு ரிசப்ஷனில் தொலைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதுநகரில் ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பெரியவர் வாழ்க்கையில் டிரம்ஸ் தொட்டதில்லை. கையில் வாங்கினார், வெளிச்சத்தில் திருப்பினார், நடு ஓட்டையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். "இறுக்கிப் புடிச்சிக்கிட்டு அடிச்சாங்களா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக ஓர் ஓட்டை போட வேண்டும், அப்போதுதான் கோடு மேற்கொண்டு ஓடாது. எண்ணெய் விட்டு, சூடேறாமல், நிறுத்தி நிறுத்தி டிரில் செய்தார். காசு வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். விரிசல் நின்றிருக்கிறது. பழைய சத்தம் திரும்பி வரவில்லை.

அந்தத் தம்பியை மட்டும் சொல்லி என்ன? வாடகைக்கு டிரம் செட் விடுகிற இடங்களைப் போய்ப் பாருங்கள். புதுச்சேரியில் போன மாதம் ஒரு மேடையில் எனக்குக் கொடுத்த செட்டில் ஒரு ஸ்டாண்டிலும் ஸ்லீவ் கிடையாது. இரும்பு மரை நேராக வெண்கலத்தை அறுத்து, வட்ட ஓட்டை சாவித் துவாரம் மாதிரி நீண்டு கிடந்தது. பைக் மெக்கானிக்கிடம் பெட்ரோல் டியூப் ஒரு துண்டு வாங்கிச் செருகினால் தீர்ந்தது. சில்லறைக் காசு. அதைச் செய்ய யாருக்கும் மனசில்லை. கேட்டால், "அதெல்லாம் யாருண்ணே பாக்கப் போறாங்க?"

நான் பார்க்கிறேன். எனக்குக் கேட்கிறது.

தம்பிக்கு இன்னும் பதில் போடவில்லை. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். ஒன்றில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. கடைசியில் அந்தக் கோட்டை மட்டும் போட்டோ எடுத்து, டிரில் போட்ட ஓட்டை தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். அனுப்பத்தான் போகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அன்றைக்கு ராத்திரி பதினொன்றரைக்குச் செட்டைக் கழற்றிக் குட்டி யானையில் ஏற்றிவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம். மேஜைப் பேப்பரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இலை கொள்ளாமல் பரிமாறிய கல்யாணம். நாலு மணி நேரம் நின்றும் உட்கார்ந்தும் வாசித்த ஏழு பேருக்கு மிச்சம் இருந்தது ஆறிப்போன ரவா கிச்சடி. தொட்டுக்கொள்ளச் சட்னிகூட இல்லை.