கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியும் ஆங்கில இலக்கிய வகுப்பும்

இளங்கலை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு ‘ஊடகமும் பண்பாடும்’ என்ற தாளை இந்த செமஸ்டரில் நான் நடத்துகிறேன். சென்ற வாரம் உள்மதிப்பீட்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தியபோது, பிரிட்டனின் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்கு ஏறத்தாழ வகுப்பு முழுவதும் ஒரே வாக்கியங்களை ஒரே வரிசையில் ஒரே எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தது. காப்பியடித்துவிட்டார்கள் என்று கோபப்படவும் வழியில்லை. அந்த நோட்ஸ் நான் கொடுத்தது, பிழையும் என்னுடையதுதான்.

ஒரே ஒரு விடைத்தாள் மட்டும் விலகி நின்றது. தொலைக்காட்சி ஒரு செய்தியை எந்தப் பொருளில் அனுப்பினாலும், பார்ப்பவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம், பொதுவாக ஏற்றுக்கொண்டு தன் நிலைமைக்கேற்பப் பேரம் பேசலாம், அல்லது முற்றிலும் எதிர்த்துப் புரிந்துகொள்ளலாம் என்பது 1973இல் ஹால் முன்வைத்த கருத்து. பேரம் பேசும் இரண்டாவது வகைக்கு அவரே தந்த உதாரணம், வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் மசோதா பற்றிய செய்தியைக் கேட்கும் பிரிட்டன் தொழிலாளி. நாட்டு நலனுக்குச் சம்பள உயர்வைத் தள்ளிப்போடலாம் என்று ஒப்புக்கொள்ளும் அதே தொழிலாளி, தன் பட்டறையில் வேலைநிறுத்தம் என்றால் தயங்காமல் இறங்குவார். அந்த விடைத்தாளை எழுதிய மாணவி, காவிரிக் கடைமடையிலுள்ள தலைஞாயிறு பக்கத்திலிருந்து பேருந்தில் வருபவள், இதை விட்டுவிட்டு மேட்டூரை எழுதியிருந்தாள். ஜூன் 12 அன்று அணை திறக்கப்படுகிறது. மதகில் பாயும் தண்ணீரில் மலர் தூவுகிறார்கள். ‘டெல்டா விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று திரையின் அடியில் எழுத்து ஓடுகிறது. சோறு தின்றுகொண்டே அதைப் பார்த்த அவளுடைய அப்பா, “தொறந்துட்டாங்க, சரி. நம்ம வாய்க்காலுக்கு எப்ப வருதுன்னு பாப்போம்” என்கிறார். மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாட்களாகும்; கடைமடைக்கு வாரக்கணக்கில் ஆகும். அவர் செய்தியைப் பொய் என்று சொல்லவில்லை, நம்பி நாற்றங்காலுக்கு விதையும் விட்டுவிடவில்லை. அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, திறப்பு எத்தனை கன அடி என்று காலையில் வாசிக்கப்படும் எண்களை, சென்னையில் அதே செய்தியைக் கேட்பவருக்கு எட்டாத பொருளில் கேட்கிறவர் அவர். என் விடைக்குறிப்பில் இதற்கு இடமே இல்லை.

‘ஊடகமும் பண்பாடும்’ என்ற இந்தப் பாடம் ஆங்கிலப் பட்டப்படிப்புக்குள் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் துறையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் மறந்துவிடுவது, பண்பாட்டு ஆய்வு என்ற இந்தப் படிப்பே ஆங்கில இலக்கிய வகுப்பறையிலிருந்துதான் கிளம்பியது என்பதை. 1964இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஹாகர்ட் ஆங்கிலப் பேராசிரியர். லீட்ஸ் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். இந்தப் படிப்பை உருவாக்கியவர்களில் இன்னொருவரான ரேமண்ட் வில்லியம்ஸ், வேல்ஸ் எல்லையோரக் கிராமத்து ரயில்வே சிக்னல்காரரின் மகன். ஹால் ஜமைக்காவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆங்கில இலக்கியம் படிக்க வந்தவர். ஹாகர்ட்டும் வில்லியம்ஸும் பேராசிரியர்களாவதற்கு முன் வயதுவந்தோருக்கான வகுப்புகளில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள். கவிதையைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்கும் பயிற்சியை, தாங்கள் விட்டுவந்த வீட்டின் பேச்சின் மீதும் பத்திரிகைகளின் மீதும் திருப்பியதுதான் அவர்கள் செய்த காரியம். அப்படிப் பிறந்த படிப்பை, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளிடம் நாங்கள் ஹால் எந்த ஆண்டு தற்காலிக இயக்குநரானார், மையம் எந்த ஆண்டு மூடப்பட்டது என்ற இரண்டு மதிப்பெண் கேள்விகளாகக் கேட்கிறோம். (1968, 2002. கேட்டவன் நானேதான்.)

எதிர்த்தரப்பு சொல்வதில் பாதி உண்மை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. சுலபமாகத் தேறலாம் என்று இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. செமினாரில் ஏதோ ஒரு படத்தின் ட்ரெய்லரை ஓடவிட்டு, ‘இது ஆணாதிக்கத்தைக் காட்டுகிறது’ என்று ஒரு வரி சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். என் நோட்ஸை ஒப்பிப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. இரண்டிலும் யாரும் எதையும் பார்க்கவில்லை.

ஆனால் சென்ற ஆண்டு ஒரு மாணவி பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகளைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு வந்தாள். வகுப்பு முதலில் சிரித்தது. அவள் சுட்டிக்காட்டியவை சில: இறந்தவர் பெண்ணாக இருந்தால் ‘தெய்வத்திரு’ இன்னாரின் மனைவி என்ற வரி அவளுடைய பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. மகன்களின் பெயருக்குப் பக்கத்தில் சிங்கப்பூர், துபாய் என்று அடைப்புக்குறிக்குள் ஊர் வருகிறது. மகள்களுக்குப் பதில் பெரும்பாலும் மருமகன்களின் பெயர் வருகிறது. வயதான பெண்களின் படம் வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது, அல்லது யாருடைய கல்யாணப் படத்திலிருந்தோ வெட்டியெடுத்தது. ஒரு சுவரொட்டியில் பாட்டியின் தோளுக்குப் பக்கத்தில் வேறொருவரின் பட்டுப்புடவைக் கரை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. தனக்கென்று ஒரு படம் எடுத்துக்கொள்ளாமலே அந்தப் பாட்டி வாழ்ந்து முடித்திருக்கிறார் என்று அவள் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு சொற்களுக்கு வந்தோம். சிவலோக பதவி அடைந்தார், வைகுண்ட பதவி அடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வஃபாத்தானார், காலமானார், இயற்கை எய்தினார். செத்துப்போனவர் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார், அல்லது கும்பிடாமலிருந்தார் என்பது வினைச்சொல்லிலேயே இருக்கிறது. ‘இயற்கை எய்தினார்’ என்ற சுவரொட்டியின் ஓரத்தில் கறுப்பு சிவப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் பழக்கம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு. இந்தச் சொல் ஏன், வேறொன்று ஏன் இல்லை என்று கேட்பது நம் உரையாசிரியர்கள் வழிவழியாகக் கேட்டு வந்த கேள்விதான்.

இதைத் தமிழ்த் துறையிலோ விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் துறையிலோ செய்யலாமே என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றபோதுதான் இந்தச் சொற்களின் எடை எங்களுக்கே தெரிந்தது. ஆறையும் அவள் முதலில் ‘பாஸ்ட் அவே’ என்றே எழுதினாள். ஆறு வீடுகளும் ஒரே வீடாகிவிட்டன. ‘இயற்கை எய்தினார்’ என்பதை ‘அட்டெயின்ட் நேச்சர்’ என்று எழுதிப் பார்த்தோம், அபத்தமாக இருந்தது. ‘ரிட்டர்ன்ட் டு நேச்சர்’ என்றால் அவர் இயற்கை விவசாயம் செய்யப் போனவர் போல இருந்தது. தெய்வத்தின் பெயரை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டது எதிலும் வரவில்லை. ஒரு மணி நேரம் இந்த ஒரு சொல்லிலேயே போயிற்று. கடைசியில் சொல்லைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு, அதற்கு அரைப் பக்கம் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினாள். என் வகுப்பில் இதுவரை யாரும் எழுதிய ஆங்கிலத்தில் அந்த அரைப் பக்கம்தான் சிறந்தது என்பது என் கணிப்பு. அவளுக்கு ஆங்கிலம் தேவைப்பட்ட ஒரு காரியம் கிடைத்திருந்தது.

ஆகவே இந்தத் தாளை நீக்கக் கூடாது. தேர்வை மாற்ற வேண்டும். வினாத்தாளில் பாதியாவது, மாணவர் முன்பின் பார்த்திராத ஒரு விளம்பரத்தையோ செய்தித் துணுக்கையோ அச்சிட்டு, இதைப் படித்துக் காட்டு என்று கேட்பதாக இருக்க வேண்டும். கவிதைத் தாளில் புதிய கவிதையைக் கொடுத்துக் கேட்பதில்லையா?

தலைஞாயிறு மாணவிக்கு ஒன்பது மதிப்பெண் போட்டேன். தாளை வாங்கிக்கொண்டவள், “யூனிவர்சிட்டி எக்ஸாம்லயும் இப்படியே எழுதலாமா சார்?” என்று கேட்டாள். அந்தத் தாளைத் திருத்தப்போகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பு எப்படியிருக்கும் என்பது தெரியும். முதலில் பிரிட்டன் தொழிலாளியை எழுதிவிடு, இடமிருந்தால் அப்பாவை எழுது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். சொன்னது சரிதானா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.