யார்க் நகரத்து மண்ணும் அந்த ஐந்து சதவீதமும்

இங்கிலாந்தில் யார்க் மாதிரி ஒரு பழைய ஊரில் ஹோட்டல் கட்ட இடம் வாங்கினால், வானம் தோண்டுவதற்கு முன்பே தொல்லியல்காரர்கள் வந்து சோதனைக் குழி போடுவார்கள். செலவு கட்டுபவர் தலையில். 1990இல் வந்த அரசு வழிகாட்டுதலிலிருந்து இதுதான் நடைமுறை. கட்டுமானக்காரர்கள் புலம்புவார்கள், புலம்பட்டும். அதற்கு முந்தைய வருடம் லண்டனில் ஆபீஸ் கட்டத் தோண்டிய இடத்தில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டு, நடிகர்கள் தெருவுக்கு வந்து போராடி, கடைசியில் கட்டடத்தின் வடிவமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குச் சோதனைக் குழி எவ்வளவோ மலிவு.

எனக்குச் சண்டை அடுத்த கட்டத்தோடுதான். குழியில் முக்கியமான மண்ணடுக்கு, அதாவது பழங்காலத் தடயங்கள் படிந்த மண், தெரிந்தால் என்ன செய்வது? முழுசாகத் தோண்டாதே, அப்படியே மண்ணுக்குள் விட்டுவிட்டு மேலே கட்டு என்பதே இப்போதைய பொதுவான பதில். யார்க்கில் 1991இல் ஓர் ஆய்வறிக்கை இதற்குக் கணக்கே போட்டுக் கொடுத்தது: புதுக் கட்டடத்தின் அஸ்திவாரம் அந்த இடத்து மண்ணடுக்குகளில் 5 சதவீதத்துக்கு மேல் அழிக்கக் கூடாது. மீதி 95 நாளைய தலைமுறைக்கு, அவர்களிடம் இன்னும் நல்ல கருவிகள் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் யார்க்கின் மண் ஈர மண். காற்று புகாத அந்தச் சேற்றுக்குள் மரமும் தோலும் துணியும் ஆயிரம் வருடம் மக்காமல் கிடக்கின்றன. யார்க்கின் காப்பர்கேட் தெருவில் வணிக வளாகம் கட்டுவதற்கு முன் 1976 முதல் 1981 வரை தோண்டியபோது வைக்கிங் கால (ஆயிரம் வருடத்துக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வந்து குடியேறியவர்கள்) வீடுகளின் குச்சி முடைந்த சுவர்களே எழுந்து நின்றன. செருப்பு, பட்டுத் தொப்பி, கம்பளிச் சாக்ஸ், ஊதினால் இன்னும் சத்தம் வருகிற மரக் குழல் என்று ஏறக்குறைய 40,000 பொருள்கள். (பக்கத்திலேயே வங்கி கட்டத் தோண்டிய இடத்தில் 1972இல் கிடைத்த, கல்லாகிப்போன ஒரு வைக்கிங்காரரின் மலம் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ராஜ மரியாதையோடு இருக்கிறது. வயிற்றில் என்ன புழு இருந்தது என்பது வரை அதை வைத்துச் சொல்லிவிட்டார்கள்.) இதெல்லாம் தப்பித்தது ஈரத்தால்தான். சுற்றிலும் பைல் (அஸ்திவாரத்துக்காக ஆழமாக இறக்கும் தூண்) இறக்கி, வடிகால் போட்டு, நிலத்தடி நீர் கொஞ்சம் இறங்கினால் போதும், காற்று உள்ளே போகும், மக்க ஆரம்பிக்கும். நீங்கள் "பாதுகாத்து" வைத்த 95 சதவீதம் கான்கிரீட்டுக்கு அடியில் சத்தமில்லாமல் அழுகும்.

அப்புறம், சோதனைக் குழி எவ்வளவு சொல்லும்? காப்பர்கேட்டில் ஐந்து வருட அகழாய்வு முடிந்து கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1982இல், மண் அள்ளும் இயந்திரத்தில் எதுவோ இடிபட்டது. எட்டாம் நூற்றாண்டுத் தலைக்கவசம்! அப்படிப்பட்ட இடத்திலேயே இந்தக் கதை என்றால், நாலு குழியைப் பார்த்துவிட்டு "இங்கே ஒன்றும் இல்லை" என்று கையெழுத்துப் போடுவதை எப்படி நம்புவது?

எல்லா இடத்தையும் தோண்டு என்று சொல்லவில்லை. தோண்டுவதும் அழிப்பதுதான், ஒரு தடவைக்கு மேல் முடியாது. ஈர மரத்தைப் பதப்படுத்தவே வருடக்கணக்காகும், பணம் கரையும். காய்ந்த மண்ணா, சரி, விட்டுவைக்கலாம். ஈர மண் என்று சோதனைக் குழியிலேயே தெரிந்துவிட்டால் இரண்டில் ஒன்று: கட்டுமானத்துக்கு முன் முறையாகத் தோண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டி முடித்த பிறகும் பல வருடங்களுக்கு அடியில் நீர்மட்டத்தை அளந்துகொண்டிருக்க வேண்டிய பணத்தைக் கட்டுபவர் முன்கூட்டியே டெபாசிட்டாக வைக்க வேண்டும். அனுமதி கொடுக்கும்போதே வாங்கிவிடுங்கள், கட்டடம் கைமாறின பிறகு யாரைப் போய்க் கேட்பீர்கள்?