கேத்திலுக்குச் சரி, மோட்டருக்கு?

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பிரித்தால் தடை, பெருக்கினால் வலு என்று மின்கணக்குப் பற்றிய உங்கள் கட்டுரையில் சொன்னது கேத்திலுக்குச் சரி. 230 வோல்ற்றில் 2000 வாற் கேத்தில் 8.7 அம்பியர் இழுக்கும், தடை ஏறத்தாழ 26.5 ஓம். அழுத்தம் 200க்கு இறங்கினால் தடை பெரிதாக மாறாது, வலு 1500 வாற் அளவுக்கு விழும். பிளேன்ரீக்குத் தண்ணி கொதிக்கச் சுணங்குவது அதனால்தான்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் தோட்டக் கிணறுகளில் ஓடும் மோட்டருக்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். ஆடலோட்டத்தில் (வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்னில்) மோட்டரின் ஓட்டம் அழுத்தத்துக்குச் சற்றுப் பிந்தித்தான் ஏறி இறங்கும். அதனால் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கி வருவதை வலுக்காரணியாலும் (அந்தப் பிந்தலால் வலு எவ்வளவு குறைகிறது என்று காட்டும் எண்) பெருக்க வேண்டும். 5 அம்பியர் இழுத்தால் 1150 வாற் இல்லை, காரணி 0.8 என்றால் 920தான். மோட்டர்ச் சுருளின் தடையை மீற்றரில் அளந்து ஓட்டம் கணிப்பதும் சரிவராது. உயர்தரப் பிள்ளைகளும் வாசிப்பார்கள், இதையும் சேர்த்துவிடுங்கோ.