மாஸ்க் போடச் சொன்னார்கள், கழற்றி எங்கே போடுவது?

கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாதுங்க, மாஸ்க்கை அப்படியே ரோட்டில் வீசிட்டுப் போனாங்க" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார். வீசியது உண்மைதான். சென்னையில் ஆஸ்பத்திரி வாசல், மீன் மார்க்கெட், டாஸ்மாக் வரிசை, பஸ் ஸ்டாப் என்று பார்த்த இடமெல்லாம் நீல மாஸ்க் கிடந்தது. ஆனால் மொத்தப் பழியையும் ஜனங்கள் தலையில் கட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2020 மார்ச்சில், மூன்றடுக்கு மாஸ்க்கை 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விலை வைத்தது. போடாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் 200 ரூபாய் அபராதம் வந்தது; 2022 ஜனவரியில் அது 500 ஆனது. சரி, கழற்றியதை என்ன செய்வது? அதற்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் இருந்தது. காகிதப் பையில் போட்டுக் குறைந்தது 72 மணி நேரம் வைத்திருந்து, அப்புறம் வெட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டுமாம். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அந்தப் பையை எங்கே வைப்பது? உச்சி வெயிலில் நனைந்துபோன மாஸ்க்கை மாற்றுகிற டெலிவரி பையன் பையைச் சுமந்துகொண்டா சுற்றுவான்? கடைகளிலும் அலுவலகங்களிலும் இதற்கென்று தனித் தொட்டி வைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. நான் போன கடைகளின் வாசலில் சானிடைசர் இருந்தது, நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி இருந்தது. தொட்டி மட்டும் இல்லை.

பாதி மாஸ்க் வீசியதே இல்லை, தானாக விழுந்தது என்பது என் கணிப்பு. போலீஸ் செக்கிங்குக்காக வண்டிக் கண்ணாடியில் மாட்டியது, சட்டைப் பையில் போனோடு திணித்தது. போனை எடுத்தால் மாஸ்க் கீழே. தன்னுடையதே ஆனாலும் அந்த நாட்களில் குனிந்து எடுக்க யாருக்குத் துணிச்சல்?

எடுத்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். எங்கள் தெருவுக்கு வரும் அக்கா இரண்டு தகரத் துண்டுகளால் அள்ளுவார். தகரத்தில் சிக்காததைக் கையால் எடுப்பார். பரப்புகளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது 2021 ஏப்ரலில். அதற்குள் அவர் ஒரு வருடம் அள்ளி முடித்திருந்தார்.

தொற்று இல்லையென்றாலும் குப்பை குப்பைதான். தொட்டால் காகிதம் மாதிரி இருக்கும் அந்த மாஸ்க் பாலிப்ரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். மழைத்தண்ணீரோடு கால்வாய்க்குப் போய்ச் சேர்ந்தால் மக்கவே மக்காது. ரேஷன் கடையில் ஆளுக்கு 2 துணி மாஸ்க் இலவசமாகக் கொடுத்தது என் பார்வையில் அந்தக் காலத்தின் உருப்படியான முடிவுகளில் ஒன்று. துவைத்துக் காயப்போடுகிற பொருளை யாரும் எளிதில் தெருவில் விடுவதில்லை. இரண்டாம் அலையில் எல்லாரும் என்95, இரட்டை மாஸ்க் என்று மாறினோம். அதில் தப்பு சொல்ல முடியாது, உயிர் முக்கியம்.

இப்போது இதை எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்கலாம். மாஸ்க் போய்விட்டது, வீட்டுக்கு வீடு இன்சுலின் ஊசி இருக்கிறது. அதுவும் காய்கறித் தோலோடுதான் போகிறது, அதே அக்காவின் கையைத்தான் குத்துகிறது. ஊசி, காலாவதி மருந்து போன்றவற்றை வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் இருக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளில் இருந்தது. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். கணக்குப்படி 22 மையங்கள். உங்கள் பகுதியில் அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் இருந்தால் எங்கே என்று கமெண்டில் போடுங்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு டப்பா நிறைய ஊசி சேர்ந்திருக்கிறது.