மலையைப் பார்க்கிறது யார்?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் எழுதுகிற சிறுகதைகளை ஆசையோடு வாசிக்கிறவன் நான். மொழி இருக்கிறது, மனசும் இருக்கிறது. ஆனால் 'பனி மூடிய மலை, பச்சைப்பசேல் என்ற தோட்டம்' என்று கதை தொடங்கும்போதே எனக்குச் சோர்வு வந்துவிடுகிறது. அந்த மலையைப் பார்க்கிறது யார்? கதை நாயகன் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன். பார்வையோ கார் பிடித்துத் திற்பரப்பு அருவிக்குக் குளிக்க வந்தவருடையது.

பால் வெட்டுகிறவன் விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் ஏறுகிறான். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறையும் என்பதால் அந்த நேரம். முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்தெடுக்கிறான். பிறகு பட்டையைச் சரிவாக, மெல்லிசாகச் சீவுகிறான். கத்தி கொஞ்சம் ஆழம் போனால் பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியில் பட்டுவிடும். பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே வெட்டுவது பெரும்பாடு. அவன் வானத்தைப் பார்ப்பது அழகுக்காக இல்லை. மழை விழுந்தால் பால் வெட்டுத்தடத்தை விட்டு மரமெல்லாம் பரவும், சிரட்டையில் சேர்ந்ததும் தண்ணீரோடு வழிந்துபோகும். அண்ணாந்து பார்க்கிற அந்த ஒரு நொடியை ஒழுங்காக எழுதிவிட்டால், 'அவன் வறுமையில் வாடினான்' என்ற வரியே தேவைப்படாது.

வருணனை பாத்திரத்தின் கவலையிலிருந்து வரவேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அதே மழை தோவாளைப் பூச்சந்தை வியாபாரிக்கு நனைந்த பிச்சி, விலை போகாத பிச்சி. குளச்சலில் வள்ளம் இறக்குகிறவர் வாடையா, கொண்டலா, கச்சானா என்று காற்றைப் பார்ப்பார். 'இதமான காற்று வீசியது' என்று அவர் மனசில் ஒருநாளும் ஓடாது.

உரையாடலிலும் இதே சிக்கல்தான். எல்லாச் சொல்லையும் உடைத்து உடைத்து எழுதினால் வட்டார வழக்கு வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று ஒன்றாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்த நம்ம மாவட்டத்துத் தாலுகாக்கள்தாம் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும். ஆனாலும் இரண்டிடத்துப் பேச்சும் ஒன்றில்லை. உங்கள் பாத்திரம் எந்த ஊர் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் பேச்சில் எதை விழுங்குகிறார்கள் என்று கவனியுங்கள்.

"மக்களே, சாப்பிட்டியா?"

"பசிக்கல்லம்மா."

"அண்ணன் வந்திருந்தான்."

"எப்பம்?"

அண்ணன் தம்பிக்குள் இருக்கும் சொத்துத் தகராறை இதற்கு மேல் விளக்க வேண்டாம். அந்த "எப்பம்?" தாங்கும். ஆனால் பெரும்பாலான கதைகளில் அடுத்த வரியிலேயே 'அவன் முகம் கோபத்தில் சிவந்தது' என்று எழுதிக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள்.

வெளி மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியாதே என்ற பயமும் பலருக்கு உண்டு. தேங்காய்ப்பட்டணத்து தோப்பில் முகமது மீரானுக்கு 1997இலும், வீரநாராயணமங்கலத்து நாஞ்சில் நாடனுக்கு 2010இலும் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இரண்டு பேரும் ஊர்ப் பேச்சைக் கைவிடாமல் எழுதித்தான் தமிழ்நாடு முழுக்க வாசகர்களைச் சம்பாதித்தார்கள். ஒரு சொல் புரியாவிட்டாலும், அது வருகிற இடம் தெளிவாக இருந்தால் வாசகர் பிடித்துக்கொள்வார்.

கதையை எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்பும் முன்னால், அந்தத் தொழில் செய்கிற ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் "இல்ல மக்கா, அப்படிச் செய்ய மாட்டோம்" என்று இடைமறிக்கிறாரோ, அந்தப் பத்தியிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.