சொந்த நாட்டு காசுல கட்டினா லாபம்னு யார் சொன்னது?

மேல ஒருத்தர் "வெளிநாட்டுல கார்டு தேய்க்கும்போது மெஷின்ல நம்ம நாட்டு கரன்சியை செலக்ட் பண்ணுங்க, எவ்வளவு போகுதுன்னு அங்கேயே தெரிஞ்சிடும், அதான் சேஃப்"னு போட்டிருக்கார். தொகை முன்னாடியே தெரியும்ங்கிறது மட்டும்தான் சரி, மத்தபடி இது தலைகீழ்ங்க. இதுக்குப் பேரு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன். அப்படி செலக்ட் பண்ணா ரேட்டை ஃபிக்ஸ் பண்றது விசாவோ மாஸ்டர்கார்டோ இல்ல, கடைக்காரரோட பேங்கும் அந்த மெஷின் கம்பெனியும்தான், அவங்க மார்ஜினை உள்ள சேர்த்துதான் அந்த நம்பரையே காட்டுவாங்க. இதுல கொடுமை என்னன்னா, அதுக்கு மேல உங்க பேங்கும் ஃபாரின் டிரான்சாக்‌ஷன்னு தனியா சார்ஜ் போட்டாலும் போடும். நானே ஒரு ஹோட்டல்ல அவசரத்துல பச்சை பட்டனை அமுக்கிட்டு அப்புறம் ஸ்லிப்பைப் பாத்தா அடியில பொடி எழுத்துல மார்க்-அப் (அதான் அந்த மார்ஜின்) 4 சதவீதம்னு இருந்துச்சு, யாரு அதைப் படிக்கிறா? ஐரோப்பிய யூனியன்ல 2020 ஏப்ரல்லேர்ந்து அந்த மார்க்-அப்பை சதவீதமா முன்கூட்டியே காட்டணும்னு சட்டமே இருக்கு. எந்த கரன்சின்னு செலக்ட் பண்ற உரிமை உங்களோடது, கடைக்காரர் தானா நம்ம கரன்சியை அமுக்கிட்டா கேன்சல் பண்ணி அந்த நாட்டு கரன்சியில திரும்பப் போடச் சொல்லுங்க. ஏடிஎம்லயும் இதே கதைதான், "வித்அவுட் கன்வெர்ஷன்"ங்கிறதை அமுக்குங்க, அங்க திரையில அது ஏதோ டிரான்சாக்‌ஷனே கேன்சல் ஆயிடும்ங்கிற மாதிரி பயமுறுத்தும், ஆகாது, காசு வரும்.