தூணின் மேல் நின்ற சிமியோன் யாரோடும் பேசாதவர் அல்ல

சிமியோன் ஐந்தாம் நூற்றாண்டில் சிரியாவில் ஒரு தூணின் மேல் வாழ்ந்த கிறிஸ்தவத் துறவி. 'சிமியோன் மனிதர்களை வெறுத்துத் தூணில் ஏறினார், சாகும்வரை யாரோடும் பேசவில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியில்லை. அவர் தூணில் ஏறியதற்குக் கூட்டத்தின் நெருக்கடி ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆசீர்வாதம் வேண்டி வந்தவர்கள் அவருடைய தோலாடையைத் தொட முண்டியடித்தார்கள். அந்தத் தொல்லையிலிருந்து தப்பத்தான் உயரத்துக்குப் போனார். முதலில் 6 முழம், அப்புறம் 12, 22, கடைசியில் 36 முழம்.

ஆனால் பேச்சை அவர் விடவே இல்லை. சிரியாவின் சைரஸ் நகர ஆயர் தியோடொரெத் அவரை நேரில் பார்த்து, அவர் உயிரோடு இருந்தபோதே எழுதி வைத்திருக்கிறார். பிற்பகலில் கூட்டத்துக்குப் போதிப்பார், வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பு சொல்வார், பொழுது சாய்ந்ததும் ஜெபத்துக்குத் திரும்பிவிடுவார். ஜெபத்தில் அவர் குனிந்து நிமிர்வதை தியோடொரெத்தோடு வந்த ஒருவர் 1,244 வரை எண்ணி, முடியாமல் விட்டுவிட்டாராம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இப்படிப்பட்டவரை மனித வெறுப்பாளர் என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவர் 459இல் இறந்தார். அலெப்போ அருகே அந்தத் தூணைச் சுற்றி எழுப்பிய பெரிய தேவாலயத்தின் இடிபாடுகள் இன்றும் இருக்கின்றன. அவர் வழியில் வந்தவர்களும் உலகத்தை ஒதுக்கிவிடவில்லை: கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) பக்கம் தூணில் நின்ற தானியேல் என்ற துறவி, கிழக்கு ரோமானியப் பேரரசர் பசிலிஸ்கஸின் சமயக் கொள்கையைக் கண்டிக்கக் கீழே இறங்கி நகரத்துக்கே போனார்.